எவரிஸ்தோவின் உதடு

மெக்சிகோ நகரத்தில் அந்த வருஷம் வாய் இருந்த எல்லோரும் மாம்போ என்ற ஆட்ட இசையைப் பற்றிப் பேசினார்கள். காது இருந்தவர்கள்தான் குறைவு. அந்தக் குறைவானவர்களில் நானும் ஒருவன் என்று சொன்னால் ஜம்பம் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். நிகானோரின் ஆர்கெஸ்ட்ராவில் நான் இரண்டாம் ட்ரம்பெட். முதல் ட்ரம்பெட்டுக்குக் கைதட்டல் விழும். மூன்றாம் ட்ரம்பெட்டைப் பார்த்து, பாவம் புதுசு என்று உச்சுக்கொட்டுவார்கள். இரண்டாம் ட்ரம்பெட்டை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அதனால் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்க எனக்கு வசதி அதிகம்.

முதல் ட்ரம்பெட் எவரிஸ்தோ கிரோகா. என் மகனின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன். அன்றிலிருந்து அவன் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவனுக்குக் கொம்பாத்ரே. கூடப் பிறந்தவனோடு பேச்சை நிறுத்திவிடலாம். கொம்பாத்ரேயோடு நிறுத்தினால் பாதிரியார் முதல் பால்காரி வரை நம்மைத்தான் திட்டுவார்கள். ஆள் நன்றாக வாசிப்பான், அதை மறுக்க மாட்டேன். நடு ஸ்தாயியில் அவன் ஊதினால் வெண்ணெய் உருகும். மேலே போகப் போகத்தான் கோளாறு. உச்சத்தில் ஒரு சுரத்தைத் தொட்டுவிடுவான், ஆனால் அங்கே நிற்க முடியாது. தொட்டுவிட்டு இறங்கியதையே ஏதோ தன் பெருந்தன்மை போலக் காட்டிக்கொள்வான்.

எங்கள் பாடகி ஒத்தீலியா பர்ராகான் அப்படியில்லை. அவள் மேலே போய்க் குடித்தனமே நடத்துவாள். இசைப்பள்ளிப் பேராசிரியர்கள் ஒரு காலத்தில் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். இத்தாலிய ஓபராவில் காதலனை இழந்த பெண்கள் சாவதற்கு முன்னால் பாடித் தீர்க்கும் பிருகாக்களை இருபது வயதிலேயே அவள் வேர்க்காமல் பாடினாள். பிறகு மாம்போ பாட வந்தாள். அன்றோடு அவர்களுக்கு அவள் செத்துப்போனாள். தொண்டையைக் குட்டிச்சுவராக்கிக்கொண்டாள் என்று பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூட அவளுடைய இசைத்தட்டைக் கேட்டதில்லை. கேட்டால் பிடித்துவிடுமோ என்ற பயம்தான்.

இசைத்தட்டுக் கம்பெனி அவளை வேறு விதமாகக் கேவலப்படுத்தியது. ஒலிப்பதிவுகளை எல்லாம் தீர்மானிக்கிற தொன் அமாதோ என்ற மனிதர், அவள் தலையில் கிளி இறகுகளைச் செருகி, ‘காட்டு இளவரசி’ என்று சுவரொட்டி போட்டார். அவள் பிறந்தது தம்பிக்கோ என்ற துறைமுக ஊரில். அப்பா ஐஸ் தொழிற்சாலை வைத்திருந்தார். அவள் பார்த்த ஒரே காடு, ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் பலூன் வாங்கப் போகிற சப்புல்தெபெக் பூங்கா. இளவரசி என்றால்தான் தட்டு விற்கும் என்றார் தொன் அமாதோ. இளவரசிக்கு அவர் வாங்கிக்கொடுத்த இறகில் பாதி கோழி இறகு, சாயம் போட்டது.

அவள் குரலில் என்ன செய்தாள் என்பதைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் ‘அதிசயம்’ என்று எழுதிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். அதிசயமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வேலை. ஒத்திகைகளில் அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு வாத்தியக்காரனுக்கும் பக்கத்தில் உட்காருவாள். என் பக்கத்திலும் உட்கார்ந்து, நாக்கை எங்கே வைக்கிறாய், காற்றை எப்போது விடுகிறாய் என்று துருவித் துருவிக் கேட்டிருக்கிறாள். ட்ரம்பெட்டில் சுரம் நாக்கில் பிறக்கிறது. ‘தூ’ என்று துப்புவது மாதிரி தொடங்க வேண்டும். ஓபராக்காரிகளோ மூச்சிலிருந்து வழுக்கிக்கொண்டு சுரத்துக்குள் நுழைவார்கள். இவள் அந்த வழுக்கலை விட்டுவிட்டு நாக்கால் தட்டித் தொடங்கப் பழகினாள். ஓபராக் குரலுக்கு அழகு சேர்ப்பதாகச் சொல்லும் நடுக்கத்தையும் எடுத்துவிட்டாள். சுரம் அடிகோல் வைத்துக் கிழித்த கோடாக நிற்கும். முடியும் இடத்தில் மட்டும், நாங்கள் ட்ரம்பெட்டை உதட்டின் மேல் உலுக்குவோமே, அதே மாதிரி கொஞ்சம் உலுக்கி விடுவாள். உள்ளங்கையைக் குவித்து வாய்க்கு முன்னால் வைத்துச் சத்தத்தை மூக்குப் பக்கம் கொஞ்சம் திருப்பினால், சத்தத்தை அடக்கத் தகர மூடி போட்ட ட்ரம்பெட் அச்சு அசலாக வந்து நிற்கும். கீழே இறங்கினால் நெஞ்சிலிருந்து உறுமுவாள். அப்போது எங்கள் டிராம்போன்காரன் திரும்பிப் பார்ப்பான்.

ஒருநாள் அவளிடம், அந்த உச்சத்தில் ஏன் வார்த்தைகளே பாடுவதில்லை என்று கேட்டேன்.

“அந்த உயரத்துல வார்த்தை நிக்காது, பிதென்சியோ. அம்மான்னாலும் ஐயோன்னாலும் வெறும் ‘ஆ’ன்னுதான் கேக்கும். வாயை அவ்வளவு தொறந்தாதான் சுரமே வரும். வார்த்தை வேணும்னா ஒரு ஸ்தாயி கீழ எறங்கி வந்துதான் சொல்லணும்.”

இப்படி வாய் திறந்தால் சுரம் வரும். கூடவே சங்கடமும் வந்தது. அவள் ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் நின்று மேல் ஸ்தாயியில் பாடினால், ஒலிப்பதிவுக் கண்ணாடி அறையில் சத்தத்தை அளக்கிற முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிக் குதித்தது. மைக்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வையுங்கள் என்று அவள் சொன்னாள். மைக்கை நகர்த்தினால் ஆர்கெஸ்ட்ராவின் அமைப்பே கெட்டுவிடும் என்று சொல்லி அவளை நகர்த்தினார்கள். ட்ரம்பெட் வரிசைக்குப் பின்னால், சுவரோரமாக. பெயர் இளவரசி, நிற்கிற இடம் கோட்டு மாட்டுகிற மூலை.

‘இஸ்திரி மாம்போ’ என்ற பாட்டைப் பதிவு செய்தது ஒரு திங்கட்கிழமை காலை. அதற்கு முந்தின ராத்திரி எவரிஸ்தோ மூன்று நடன அரங்குகளில் வாசித்துவிட்டு வந்திருந்தான். கீழுதடு வீங்கி, நடுவில் வெடித்திருந்தது. கொம்பாத்ரே, இன்று உன்னால் முடியாது, நிகானோரிடம் சொல்லிவிடு என்றேன். உதடு வெடிப்பதெல்லாம் இரண்டாம் ட்ரம்பெட்டுகளுக்கு வருகிற வியாதி என்றான்.

அந்தப் பாட்டின் கடைசியில் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் சட்டென்று நிற்கும். தாள வாத்தியங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருக்க, தகர மூடி போட்ட முதல் ட்ரம்பெட் உச்ச சுரத்தைப் பிடித்துக்கொண்டு தாளத்தின் எட்டுச் சுற்று நிற்க வேண்டும். அதற்குப் பிறகு ஒத்தீலியா தன் பிருகாக்களோடு நுழைய வேண்டும். முதல் இரண்டு முறை, அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே வேறு யாரோ தப்பு செய்து நின்றுபோனது. மூன்றாவது முறை எல்லாம் சரியாக வந்தது. அந்த மாதிரி ஒரு வாசிப்பு வருஷத்தில் ஒருமுறைதான் அமையும். நாங்கள் நின்றோம். எவரிஸ்தோ ட்ரம்பெட்டைத் தூக்கினான். வெறும் காற்றுதான் வந்தது. பக்கத்தில் இருந்த எனக்குச் சைக்கிள் டயர் இறங்குவது மாதிரி கேட்டது.

அந்தக் காற்று அடங்குவதற்குள் சுரம் வந்துவிட்டது. நாக்கால் தட்டிய தொடக்கம், தகர மூடியின் மூக்கடைத்த பளபளப்பு, ஒரு இம்மி நடுக்கம் இல்லை. என் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது. எட்டுச் சுற்றும் நின்றது, முடிவில் ட்ரம்பெட்டாகவே உலுக்கியது, அதே மூச்சில் கையை எடுத்துவிட்டுத் தன் சொந்தக் குரலாகி பிருகாக்களுக்குள் போனது. அத்தனை நேரமும் எவரிஸ்தோ வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுக்கவே இல்லை. வெட்கத்தில் எடுக்கவில்லை என்று அப்போது நினைத்தேன். அவனைப் பற்றி அவ்வளவு நல்லவிதமாக நினைத்தது அதுதான் கடைசி.

கண்ணாடிக்குப் பின்னால் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ட்ரம்பெட் வரிசையிலிருந்து சத்தம் வந்தது, தூக்கிப் பிடித்த ட்ரம்பெட் ஒன்று கண்ணுக்குத் தெரிந்தது, அவர்களுக்கு அது போதும். ஒத்தீலியா போகிற போக்கில் எவரிஸ்தோவின் தோளைத் தொட்டு, முதலில் போய் உதட்டுக்கு வெண்ணெய் தடவு என்றாள். நல்ல வாசிப்பு ஒன்று வீணாகக் கூடாது என்று செய்தாள், அவ்வளவுதான். அவன் நன்றி என்றுகூடச் சொல்லவில்லை.

அந்தத் தட்டு ஊரைப் பிடித்து ஆட்டியது. காசு போட்டால் பாடுகிற பெட்டி இருந்த ஒவ்வொரு மதுக்கடையிலும் அதே பாட்டுத்தான். அந்தச் சுரம் வருவதற்குச் சற்று முன்னால் ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். வந்ததும் மேஜையைத் தட்டுவார்கள். அந்த ட்ரம்பெட் யாருடையது என்று கேட்டவர்களிடம் எவரிஸ்தோ முதலில் சும்மா சிரித்தான். பிறகு தலையாட்டினான். ஒரு மாதம் போனதும் அந்தச் சுரத்தை எப்படிப் பிடித்தான் என்று விளக்கவே தொடங்கிவிட்டான். குதிகாலிலிருந்து காற்றை எடுத்தானாம். சாட்டின் காலர் வைத்த கோட்டு ஒன்று தைத்துக்கொண்டான். நடன அரங்குகளில் அதே இடம் வரும்போது மட்டும் ஒரு ஸ்தாயி கீழே ஊதிவிட்டு, டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று விரலால் உதட்டைக் காட்டுவான். பெண்கள் அதற்கும் உருகினார்கள்.

பொய்க்கும் பசி உண்டு போலிருக்கிறது. அந்த ஒரு சுரம் அவனுக்குப் போதவில்லை. அந்த அம்மாளின் மேல் ஸ்தாயியில் பாதி என் ட்ரம்பெட்தான், கம்பெனி மானத்துக்காகச் சொல்லாமல் இருக்கிறேன் என்று ஒரு பத்திரிகைக்காரனிடம் அளந்தான். அவன் மறுநாளே ‘காகித இளவரசி’ என்று தலைப்புப் போட்டு எழுதினான். பேராசிரியர்களுக்குக் கொண்டாட்டம். நாங்கள் அப்போதே சொன்னோமே என்றார்கள். எதைச் சொன்னார்கள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

தொன் அமாதோ அதைவிட ஒருபடி மேலே போனார். அதே தட்டைப் புது உறையில் மறுபடியும் போட முடிவு செய்தார். உறையிலும் தட்டிலும் ‘தங்க ட்ரம்பெட் எவரிஸ்தோ கிரோகா’ என்று மட்டும் இருக்கும். ஒத்தீலியாவின் பெயர் போய்விடும். வருஷக் கடைசியில் ஒப்பந்தமும் போய்விடும். பேராசிரியர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள், கம்பெனியும் சாத்தினால் அவள் தம்பிக்கோவுக்குத் திரும்பி ஐஸ் உடைக்க வேண்டியதுதான்.

அவள் நேராக அவர் அறைக்குப் போனாள். கூட்டத்துக்கு வந்திருந்த நாங்கள் வெளியே உட்கார்ந்திருந்தோம், கதவும் திறந்தே இருந்தது. அந்தச் சுரம் என்னுடையது என்றாள். தொன் அமாதோ சிரித்தார். பெண்ணின் தொண்டையில் பித்தளை சத்தம் வராது என்றார். அவள் அங்கேயே, நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கையைக் குவித்துப் பாடிக் காட்டினாள். எட்டுச் சுற்றும். தட்டச்சுக்காரிகள் கையை எடுத்துவிட்டுக் கேட்டார்கள்.

“பிரமாதமா பண்றே ஒத்தீலியா,” என்றார் தொன் அமாதோ. “தட்டைக் கேட்டுக் கேட்டு அப்படியே புடிச்சிட்டே. எங்க வீட்டுக் கிளிகூட டெலிபோன் மணி மாதிரி கத்தும். அதுக்காக டெலிபோனைக் கண்டுபுடிச்சது கிளின்னு சொல்ல முடியுமாம்மா?”

பாடினால் நகல், பாடாவிட்டால் பொய். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நான் உள்ளே போனேன். அன்று அவன் ஊதியது காற்று, பக்கத்தில் இருந்து கேட்டவன் நான் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் வழிந்தது. பிதென்சியோ, முதல் நாற்காலியைப் பார்த்து இரண்டாம் நாற்காலிக்கு வயிறு எரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம் என்றார். அடுத்த நாள் எவரிஸ்தோ என்னிடம் வந்து, கொம்பாத்ரேக்குக் கொம்பாத்ரே செய்கிற காரியமா இது என்று கண் கலங்கினான். அவனுக்கு நிஜமாகவே கண் கலங்கியது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தன் பொய்யை அவனே நம்ப ஆரம்பித்துவிட்டான்.

புதுத் தட்டைப் பற்றி ஊருக்கு அறிவிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வானொலி நிகழ்ச்சி வைத்தார்கள். சோப்புக் கம்பெனி ஒன்றின் செலவில் நடக்கிற நிகழ்ச்சி. நிலையத்தின் அரங்கில் ஆயிரம் பேர் உட்கார்ந்து பார்க்க, நாடு முழுக்க நேரடியாகப் போகும். எவரிஸ்தோ இஸ்திரி மாம்போவை வாசிக்க வேண்டும், அந்த எட்டுச் சுற்றோடு. டாக்டர் கதை அங்கே செல்லாது என்று தொன் அமாதோ சொல்லிவிட்டார். பிருகாக்களுக்கு வேறு ஆள் கிடைக்காததால் ஒத்தீலியாவும் வர வேண்டும். அவளுக்கு அதுதான் கடைசி நிகழ்ச்சி. எங்கே நிற்க வேண்டும்? முள் குதிக்குமே. எனவே வழக்கமான இடத்தில், ட்ரம்பெட்டுகளுக்குப் பின்னால்.

நிகழ்ச்சிக்கு முன்னால் எவரிஸ்தோ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவளுடைய ஒப்பனை அறைக்குப் போனான். தனியாகப் போகத் தைரியமில்லை. அவள் தலையில் இறகுக் கிரீடத்தோடு உட்கார்ந்து, பன்றி இறைச்சி வைத்த ரொட்டி ஒன்றைச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தாள். பாடுவதற்கு முன்னால் கொழுப்பாக ஏதாவது சாப்பிடுவது அவள் வழக்கம். மற்றப் பாடகிகள் தேனும் எலுமிச்சையும் குடித்து முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்வார்கள்.

எவரிஸ்தோ தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றான். பிறகு, குருவைக் கூப்பிடுகிற மரியாதையோடு சொன்னான்.

“மாயஸ்த்ரா, ஒருவேளை... அன்னிக்கி மாதிரி ஏதாவது ஆச்சுன்னா... நீங்க பின்னாடிதானே நிப்பீங்க?”

இவ்வளவு வெட்கங்கெட்ட ஒரு வாக்கியத்தை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. அவள் பெயரை அழித்தவன், அவளையே பொய்க்காரி ஆக்கியவன், அந்தப் பொய்யைக் காப்பாற்ற அவள் தொண்டையையே கடன் கேட்கிறான். எனக்கு அவன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போலிருந்தது. ஒத்தீலியா மென்று முடித்து, விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

“பின்னாடிதான் நிப்பேன்,” என்றாள். “நீ தைரியமா வாத்தியத்தைத் தூக்கு.”

அவன் அவள் கையில் முத்தமிட்டான். நடையில் வந்ததும், பார்த்தாயா கொம்பாத்ரே, பெரிய மனசு என்றான். நான் அவளையும் சேர்த்து மனசுக்குள் திட்டிக்கொண்டே என் நாற்காலிக்குப் போனேன். ஒரு மனுஷிக்கு இவ்வளவு பொறுமை ஆகாது என்று நினைத்தேன்.

அரங்கம் பிதுங்கி வழிந்தது. முதல் வரிசையில் தொன் அமாதோ, சோப்புக் கம்பெனி முதலாளி, அவர் மனைவி, ‘காகித இளவரசி’ எழுதிய பத்திரிகைக்காரன். அறிவிப்பாளர் எவரிஸ்தோவைப் பற்றி அளந்த அளப்பில் சோப்பே நுரைத்துவிட்டது. நிகானோர் கையை இறக்கினார். பாட்டு நன்றாகவே ஓடியது. பொய்க்குத் துணை போகிற ஆர்கெஸ்ட்ராவும் நன்றாக வாசிக்கத்தான் செய்கிறது, இசைக்கு அந்த அளவுக்கு ரோஷம் கிடையாது.

அந்த இடம் வந்தது. நாங்கள் நின்றோம். எவரிஸ்தோ எழுந்து நின்று, ட்ரம்பெட்டை விட்டத்தைப் பார்த்துத் தூக்கினான். இந்தமுறை அவன் ஊதவே முயற்சி செய்யவில்லை. ஒரு ஓரத்தில்கூடக் காற்றுச் சத்தம் இல்லை. கன்னத்தை உப்பவைத்து, கண்ணை இறுக்கி மூடி, நெற்றி நரம்பு புடைக்க நின்றான். நடிப்பில் குறை சொல்ல முடியாது. சுரம் வந்தது. ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள்.

முதல் சுற்று முடிந்தபோது சத்தம் நகர்வதுபோல எனக்குத் தோன்றியது. என் பிடரியிலிருந்து வலது காதுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தேன். ஒத்தீலியா நடந்து வந்துகொண்டிருந்தாள். கை வாய்க்கு முன்னால் குவிந்திருந்தது. விலா எலும்புகள் விரிந்தபடி அப்படியே நின்றன, நடக்கிற பெண்ணின் இடுப்புக்கு மேலே எதுவுமே அசையவில்லை. தலையில் தண்ணீர்க்குடம் இருந்தாலும் ஒரு சொட்டுச் சிந்தியிருக்காது. மூன்றாம் ட்ரம்பெட்டைத் தாண்டினாள். நான் காலை மடக்கி வழி விட்டேன். எவரிஸ்தோவின் முன்னால் வந்து நின்றாள். அவன் கண்ணைத் திறக்கவில்லை, விரல்கள் மட்டும் பொத்தான்களின் மேல் உருக்கமாக ஆடிக்கொண்டிருந்தன.

இடது கையால் ட்ரம்பெட்டின் வாயைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள். வாத்தியம் அவன் உதட்டைவிட்டு விலகி இடுப்பு வரைக்கும் வந்தது. சுரம் அப்படியே நின்றது. எவரிஸ்தோவின் கன்னம் உப்பியது உப்பியபடியே இருந்தது. எங்கோ மேல்மாடியில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு அரங்கம் பூராவும் புரிந்துகொண்டு சிரித்தது.

ஆனால் வீடுகளில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குக் கண் இல்லையே. அவர்களுக்கு ட்ரம்பெட் இன்னும் ஊதிக்கொண்டுதான் இருந்தது, யாரோ காரணமில்லாமல் சிரித்தார்கள், அவ்வளவுதான். ஒத்தீலியா அதையும் யோசித்திருந்தாள். அதே மூச்சில் மைக்கை நோக்கிப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் முள்ளைக் காக்கிற ஆள் இரண்டு கையையும் ஆட்டி, வராதே வராதே என்றான். அவள் நேராகப் போய் நின்று, கையை மட்டும் வாயிலிருந்து எடுக்காமல், உச்சத்திலிருந்து ஒரு ஸ்தாயி கீழே வழுக்கி இறங்கினாள். வார்த்தை நிற்கிற உயரத்துக்கு. அங்கே நின்று, அதே தகர மூடிக் குரலில், நாக்கால் ஒவ்வொரு எழுத்தையும் தட்டி, நாடு முழுக்கக் கேட்கும்படி அந்த ட்ரம்பெட்டைப் பேச வைத்தாள்.

“எவரிஸ்தோ... போய்த் தண்ணி குடி.”

பிறகுதான் மூச்சு வாங்கினாள். எவரிஸ்தோவும் அப்போதுதான் கன்னத்தில் வைத்திருந்த காற்றை விட்டான். நிகானோர் சிரித்துக்கொண்டே கையைச் சரியான அடியில் இறக்கினார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து பாய்ந்தோம். அவள் பிருகாக்களை முடித்து, இன்னும் கீழே, டிராம்போனின் உறுமல் வரைக்கும் இறங்கி, இறகுக் கிரீடத்தைக் கழற்றிப் பியானோவின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் தொன் அமாதோ பத்திரிகைகளிடம், எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும், சரியான நேரத்துக்காகக் காத்திருந்தேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை, அந்த விஷயத்தில் அவரும் பெரிய கலைஞர்தான். ‘காகித இளவரசி’ எழுதியவன் ‘தொண்டைக்குள் ஒரு ஆர்கெஸ்ட்ரா’ என்று எழுதினான், அதே கையால். பேராசிரியர்கள், அவள் எங்கள் மாணவி அல்லவா என்றார்கள். புது உறையில் ஒத்தீலியா பர்ராகான் என்ற பெயர் மட்டும், இறகு இல்லாமல், வந்தது. புது ஒப்பந்தத்துக்கு அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். இனிமேல் யாருக்கும் பின்னால் நிற்க மாட்டேன், முன்னால்தான் நிற்பேன் என்றாள். கண்ணாடி அறையில் நிபுணர்கள் கூடி யோசித்தார்கள். கடைசியில் மைக்கை இரண்டடி பின்னால் தள்ளி வைத்தார்கள். முள் குதிக்கவில்லை.

ஊர் அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டது. மதுக்கடைகளில் அந்தச் சுரம் வந்ததும் இப்போது யாரும் மேஜையைத் தட்டுவதில்லை. எல்லோரும் சேர்ந்து, எவரிஸ்தோ, போய்த் தண்ணி குடி என்று கத்துகிறார்கள். டாக்சிக்காரர்கள் வழியை மறிக்கிறவனைப் பார்த்து அதைத்தான் சொல்கிறார்கள். எவரிஸ்தோ சாட்டின் காலரை வெட்டி எடுத்துவிட்டான். நிகானோர் அவனை நிறுத்தவில்லை. நடு ஸ்தாயியில் அவனை மிஞ்ச ஆள் இல்லை, அதுவும் உண்மைதான்.

என் மகனுக்கு முதல் நற்கருணைச் சடங்கு வந்தபோது ஞானத்தகப்பன் வராமல் இருக்க முடியாது. கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்து, மேஜையில் என் எதிரே உட்கார்ந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அதுவரை என்னிடம் அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் மனைவி எந்த நினைப்பும் இல்லாமல், வெயிலில் வந்தவனுக்கு வைக்கிற மாதிரி, ஒரு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மேஜையைச் சுற்றி இருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள். எவரிஸ்தோ தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எடுத்து முழுக்கக் குடித்துவிட்டு, உதட்டைத் துடைத்தான்.

“நடந்துகிட்டே பாடினா, கொம்பாத்ரே,” என்றான் மெதுவாக. “அவ்வளவு தூரம் நடந்தும் சுருதி ஒரு இம்மி எறங்கலே. நான் கண்ணை மூடிட்டுக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அவன் வாயிலிருந்து அந்த வருஷம் வந்த ஒரே சுத்தமான சுரம் அதுதான். ஆனால் அதற்காக அவன்மேல் இரக்கப்பட எனக்கு மனம் வரவில்லை. உள்ளே திரும்பி, கொம்பாத்ரேக்கு இன்னொரு தம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.